தரையைப் பார்க்க வேண்டியவள்

என் சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு மாத்திரையை முடிந்து வைத்திருப்பேன். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் அது கூடவே வரும். மாத்திரை எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு. அவர் சட்டைப் பையில் வைத்தால் சட்டையோடு சேர்ந்து துவைக்கப் போய்விடுகிறது. இந்த மனிதரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பட்டி, பிரஷ், உப்புத்தாள் எல்லாம் கிடைக்கும். ஒரு நாள் கடையில் பெயிண்ட் டின்னைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனோம். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, பிழைக்க வைத்து அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கனமா எதையும் தூக்க விடாதீங்கம்மா. ஓட விடாதீங்க. அதிர்ச்சியான விஷயம் எதையும் பட்டுனு போட்டு உடைச்சிராதீங்க" என்றார். சாமி கும்பிடும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக நின்றதில்லை. மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் சங்கடமே ஆரம்பித்தது. மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டார். கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். இவர் ஹாலில் நாற்காலியைப் போட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். டி.வி.யைப் போட்டால் ஏன் போட்டாய் என்று கேட்கமாட்டார், அணைத்தால் ஏன் அணைத்தாய் என்று கேட்கமாட்டார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். என் சமையலைக் கல்யாணமான நாள் முதல் குறை சொல்லியே சாப்பிட்ட மனிதர், உப்பில்லாத குழம்பை ஒரு வார்த்தை சொல்லாமல் பிசைந்து தின்றுவிட்டு எழுந்து போனார். திட்டுகிற புருஷனோடு குப்பை கொட்டிவிடலாம். இப்படி வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவரை என்ன செய்வது?

இப்படி இருக்கும்போது ஒரு காலையில் ஹாலில் பெரிய பெரிய தாள்களை விரித்து, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் என் சமையலறை டப்பாக்களை எடுத்து வைத்திருந்தார். தாளில் நீளமாக ஒரு இறக்கைப் படம். அவருக்கு முன்பே இந்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. தெர்மாகோலில் சின்ன விமானம் செய்து ரிமோட்டில் பறக்கவிட்டுவிட்டு வருவார். நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை. இது அப்படியில்லை, ஒரு ஆள் படுத்தால் கால் நீட்டுகிற அளவைவிடப் பெரிதாக இருந்தது.

"என்னங்க இது?"

"ஹரிகேன்."

"அரிக்கேன் வெளக்கா?"

"வெளக்கு இல்லடி, விமானம். ரெண்டாம் உலகப் போர்ல பர்மாப் பக்கம் நம்ம ஆளுக ஓட்டுனது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக ஹாலை எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன காரியம் செய்தேன் என்று பின்னால்தான் தெரிந்தது.

சோபா மகள் அறைக்குப் போயிற்று. அவள் பெங்களூரில் இருக்கிறாள், அறை சும்மாதான் கிடந்தது. ஹால் முழுக்க பிளைவுட், தக்கை மாதிரி லேசான பால்சா மரக்கட்டை, மரத்தூள். மீன் முள்ளைப் போல இறக்கைக்குள் வைக்கிற சட்டங்களை ஒவ்வொன்றாக அறுத்து, உப்புத்தாள் போட்டு, ஒட்டி, காய வைத்தார். மேலே துணி போர்த்த வேண்டுமாம், அதைச் சூடு பண்ணினால்தான் மேளத் தோல் மாதிரி இறுகுமாம். அதற்கு என் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். பட்டுச் சேலைக்கென்று நான் தனியாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெட்டி அது. அடிப்பக்கம் பூராவும் பசை. "ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா?" என்று கத்தினேன். கத்திய பிறகு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அவர் மார்பைப் பார்த்தேன். மனிதர் பாட்டுக்குத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மார்பைப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவர் தும்மினால் பார்ப்பேன். குனிந்து நிமிர்ந்தால் பார்ப்பேன். வலது கை எங்கே போகிறது, முகம் வெளுக்கிறதா, நெற்றியில் வேர்வையா. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேர்த்தால் போச்சு, தலைப்பு முடிச்சுக்கு என் கை போய்விடும்.

விமானம் வளர வளர என் பயமும் வளர்ந்தது. ஏன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த விமானம்தான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது. காலையில் அதற்காகத்தான் எழுந்தார், அதற்காகத்தான் மாத்திரை போட்டுக்கொண்டார், நடக்கச் சொன்னால் நடந்தார். அப்படியென்றால் அது விழுந்து நொறுங்குகிற அன்றைக்கு? இவ்வளவு பெரியதை ஆகாயத்தில் விட்டால் ஒரு நாள் விழத்தானே செய்யும்? அது உடைந்தால் இவர் உடைந்துவிடுவார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பெங்களூருக்குப் போன் செய்து மகளிடம் புலம்பினால், "அப்பா சந்தோஷமாத்தானம்மா இருக்காரு, விடேன்" என்பாள். அந்தச் சந்தோஷம்தான்டி எனக்குப் பயமே என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

பயந்துகொண்டே நானும் அதில் கை வைத்தேன், அதுதான் வேடிக்கை. நிஜ விமானத்தின் உடம்பு பூராவும் ஆணித் தலை தெரியுமாம். அதற்காக ஊசி போடுகிற சிரிஞ்சில் வெள்ளைப் பசையை நிரப்பி, வரிசை வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளி பெரிது, ஒரு புள்ளி சிறிது, ஒன்று கோணல். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க அந்தப் பக்கம். புள்ளி வைக்கிற லட்சணமா இது?" என்று சிரிஞ்சை வாங்கிக்கொண்டேன். மார்கழி பூராவும் வாசலில் புள்ளி வைக்கிற கை. இறக்கை இரண்டும் வால் பக்கமும் என் புள்ளிகள்தான். "உன் பக்கம்தான் நல்லா இருக்கு" என்று அவரே ஒத்துக்கொண்டார். அதுவரைக்கும் என் கையால் செய்த எதையும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

பெயிண்ட் வேலையில்தான் சண்டை வந்தது. பச்சையும் பழுப்புமாக வளைத்து வளைத்து அடித்திருந்தார், கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தது. பெயிண்ட் கடைக்காரி சொல்கிறேன், அப்படியொரு ஃபினிஷிங்கை எங்கள் கடைக்கு வருகிற பெயிண்டர்களில் ஒருவர் வேலையிலும் நான் கண்டதில்லை. மறுநாள் பார்த்தால் அதன்மேல் கரியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என் கண் மை டப்பாவும் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. போருக்குப் போன விமானம் என்றால் புகை படிந்திருக்க வேண்டுமாம், ஆள் ஏறுகிற இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்க வேண்டுமாம். புதுசாய்ச் செய்ததை எந்தப் புத்தி உள்ளவனாவது அழுக்காக்குவானா? இரண்டு வேளை நான் பேசவில்லை. அப்புறம் தூரத்தில் நின்று பார்த்தபோது ஹாலுக்குள் நிஜமாகவே எங்கேயோ போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்த ஒன்று நிற்பது போல இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இனி பறக்கவிட இடம் வேண்டும். திருச்சுழி போகிற வழியில் என் அப்பா வகையில் வந்த நிலம் ஒன்று உண்டு. களர் மண். விதைத்தால் விதைகூடத் திரும்பாது, சீமைக் கருவேலம் மட்டும் செழித்து நிற்கும். அதை ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கி, நீளவாக்கில் ஒரு பாதை மாதிரி சமப்படுத்தி, ரோலர் விட்டார். எல்லாம் சரி, புழுதிதான் அடங்கவில்லை. கால் வைத்தால் மாவு மாதிரி எழும்பியது. அது இன்ஜினுக்குள் போனால் கெடுத்துவிடும் என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுக்குப் போயி மண்டைய ஒடச்சுக்கிட்டு! களம் மெழுகுற மாதிரி சாணி கரைச்சு மெழுகிட்டாப் போகுது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட, ஆமால்ல."

டிராக்டரில் தண்ணீர் வந்தது. நாலு பெண்களை வைத்துச் சாணியைக் கரைத்துத் தெளித்து, விளக்குமாற்றால் இழுத்து இழுத்து மெழுகினோம். தானியம் அடிக்கவும் வத்தல் காயப்போடவும் களத்தை எப்படித் தயார் செய்வோமோ அப்படியே. காய்ந்த பிறகு ஒரு பொட்டுப் புழுதி கிடையாது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பங்குனி மாதம், சுற்று வட்டாரம் பூராவும் மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரம், இந்த நேரத்தில் நடுக்காட்டில் இப்படி மெழுகிய களம் ஒன்றைக் கேட்பாரற்றுப் போட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். பறக்கவிடுகிறவன் விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு சிமிட்டு சிமிட்டினால்கூட அது நேராக வருகிறதா கவிழ்ந்து வருகிறதா என்று தெரியாமல் போய்விடும். அதனால் பக்கத்தில் ஒரு ஆள் நின்று ஆடு வருது, ஆள் வருது என்று சொல்ல வேண்டும்.

"வானத்த நான் பாத்துக்கிடுவேன். தரைய நீ பாக்கணும். கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கணும், சொல்லிட்டேன்."

"பாக்கேன், பாக்கேன். மேல போகயில இன்ஜின் நின்னு போச்சுன்னா?"

"நம்ம ஊரு வெயிலுக்குச் சூடேறி நின்னாலும் நிக்கும். நின்னா எறக்கத்தான் வேணும். இன்னொரு சுத்து சுத்திட்டு வாரேன்னெல்லாம் சொல்ல முடியாது. ஒரே தடவதான்."

எதற்குக் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

அந்த நாளும் வந்தது. காற்று எழும்புவதற்குள் பறக்கவிட வேண்டும் என்று விடிந்ததுமே கடை வேனில் ஏற்றினோம். இறக்கையைத் தனியாகக் கழற்றி, என் பழைய சேலைகளைச் சுற்றி, மெத்தைமேல் வைத்தோம். பிள்ளையைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோதுகூட அவர் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டவில்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் வழியெல்லாம் குலசாமியை வேண்டிக்கொண்டு வந்தேன். விமானம் நல்லபடியாகப் பறக்க வேண்டும் என்றுகூட வேண்டவில்லை, இவர் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மேற்கு ஓரத்தில் ஒரு உடை மரத்தடியில் வேனை நிறுத்தி, இறக்கையை மாட்டினோம். விமானத்தின் மூக்கில் ஒரு கீற்று விபூதி வைத்தேன். சந்தனத்தை எடுத்தபோது, "போதும், கனம்" என்று தடுத்துவிட்டார். வாலைப் பிடித்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். மூக்கிலிருந்த காத்தாடியைச் சுற்றிவிட்டதும் இன்ஜின் ஒரு இருமு இருமிப் பிடித்துக்கொண்டது. அம்மாடி, அந்தச் சத்தம்! சேலை படபடவென்று அடிக்கிறது, விமானம் என்னை இழுக்கிறது. விடு என்று கையைக் காட்டினார். விட்டேன். மெழுகிய தரையில் அது கொஞ்ச தூரம் ஓடி, வாலைத் தூக்கி, அப்புறம் அவ்வளவு பெரிய உடம்போடு அலுங்காமல் மேலே போயிற்று.

என்னை மறந்து கை தட்டினேன். அழுகையும் வந்தது. நான் புள்ளி வைத்த இறக்கை வெயிலில் மினுங்கிக்கொண்டு திரும்புகிறது. அந்த வறண்ட காட்டுக்கு மேலே, கரிசலும் கருவேலமும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், எங்கள் ஹாலில் செய்தது பறக்கிறது.

அப்புறம் நான் அதைப் பார்க்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வாரில் ரிமோட் தொங்க, இரண்டு கையும் அதில் இருந்தன. நெற்றியில் வேர்வை. வெயில் வேர்வையா, அந்த வேர்வையா? உதடு காய்ந்திருக்கிறது. மூச்சு வேகமாக வருகிறது. வலது கை ஒரு முறை ரிமோட்டைவிட்டு எழும்பியது. நான் தலைப்பு முடிச்சைப் பிடித்துவிட்டேன். அவர் கை மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பப் போயிற்று.

"தரையப் பாரு" என்றார், திரும்பாமலே.

"பாக்கேன்" என்று பொய் சொன்னேன்.

நிஜமாகவே பார்த்தபோது கிழக்குக் கோடியில் ஒரு குட்டி யானை லோடு வண்டி நிற்கிறது. அதிலிருந்து சாக்குகளை இறக்கி, மெழுகிய தரையில் கொட்டிப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சிவப்பு. ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி, சிவப்பேறிக் கிடக்கிறது. மிளகாய்ப் பழம்.

சொல்வதா, வேண்டாமா? பட்டென்று சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்லாமல் விட்டால் விமானத்தை எங்கே இறக்குவார்? மெல்ல, பால் பொங்குகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னேன். "ஏங்க, பதறாதீங்க. ஒண்ணுமில்ல. களத்துல கொஞ்சம் மொளகாப் பழம் காயுது."

"எந்தக் களத்துல?"

"நம்ம களத்துலதான்."

அவர் தாடை இறுகியது. கண் மேலேயே இருந்தது. "எம்புட்டு மிச்சம் இருக்கு?"

"இந்தப் பக்கத்துப் பாதி அப்படியே கெடக்கு."

"அது போதும். அதுக்கு மேல கொட்ட விடாத. போயிச் சொல்லிட்டு ஓரமா நில்லு."

அவரைத் தனியாக விட்டுப் போக மனசே இல்லை. போனேன். எனக்கிருக்கிற உடம்புக்கு ஓட்டமென்ன, நடையென்ன, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தால், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பின்னால் அவள் புருஷன் சாக்கை உதறிக்கொண்டிருந்தான்.

"உங்க களமாக்கா? நேத்து வந்து பாத்தப்ப ஆளுக யாரையும் காணல. நல்லா மெழுகிச் சும்மாதான கெடக்குன்னு கொட்டிட்டோம். ரெண்டு வெயிலு பட்டா அள்ளிருவோம்."

அவளை என்ன குற்றம் சொல்வது? நானாக இருந்தாலும் கொட்டியிருப்பேன். "இருக்கட்டும்மா, இதுக்கு மேல கொட்டாதீங்க. தள்ளி நில்லுங்க. மேல ஒண்ணு எறங்கப் போகுது" என்று வானத்தைக் காட்டினேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "மழையாக்கா?" அதற்குள் புருஷனிடம் திரும்பி, "இந்தா, மழ வருதாம்! தார்ப்பாய எடு, தார்ப்பாய எடு!" என்று அலற, அவன் வண்டிக்கு ஓடினான்.

"மழையில்லடி, விமானம்!"

சொல்லி வாய் மூடவில்லை, மேலே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

அவ்வளவு நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் இல்லாமல் போனதும் காடே ஒரு மாதிரி ஆகிவிட்டது. விமானத்தைத் தேடவில்லை நான். மேற்கே திரும்பி அவரைத்தான் தேடினேன். உடை மரத்துப் பக்கம் சின்னதாக ஒரு உருவம் தெரிந்தது. கை எங்கே இருக்கிறது? ரிமோட்டிலா, மார்பிலா? அந்தத் தூரத்தில் தெரியவில்லை. மாத்திரை என்னிடம் இருக்கிறது, மனிதர் அங்கே இருக்கிறார். இன்ஜின் நின்றுவிட்டது, ஒரே தடவைதான் என்று சொன்னாரே, இப்போது அது விழப்போகிறது, அது விழுவதை அவர் தனியாக நின்று பார்க்கப்போகிறார்.

ஓரமாக நில் என்று சொன்னதெல்லாம் எங்கே ஞாபகம் இருந்தது? தலைப்பு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெழுகிய தரையின் நடுவாக, நேராக அவரைப் பார்த்து ஓடினேன். இந்த முறை நிஜமாகவே ஓடினேன். செருப்பு ஒன்று கழன்று போயிற்று. அவர் ஏதோ கத்துகிறார், கையால் ஒதுங்கு என்கிற மாதிரி ஒரு வெட்டு வெட்டினார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம். வலியில்தான் கையை உதறுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

என் முதுகுக்குப் பின்னால் சடசடவென்று மரம் முறிகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். மிளகாய்க்கு நடுவில் மூக்கைக் குத்திக்கொண்டு, வால் வானத்தைப் பார்க்க நின்றது எங்கள் விமானம். பழங்கள் தெறித்துச் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. ஒரு சக்கரம் மட்டும் தனியாக உருண்டுபோய்க் கருவேலம் புதருக்குள் நுழைந்தது. போச்சு என்று நினைத்தேன். எல்லாம் போச்சு. இனி அவரைப் பார்க்கத் திரும்ப வேண்டும், திரும்பவே பயம்.

திரும்பினால் அவர் ஓடி வருகிறார். ஓடக் கூடாத மனிதர், கழுத்தில் தொங்குகிற ரிமோட் வயிற்றில் மொத்து மொத்தென்று அடிக்க, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். ஓடாதீங்க என்று கத்த வாயைத் திறந்தேன், மூச்சு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடிக்கிற அடியில் கை தானாக மார்புக்குப் போய்விட்டது.

அதைப் பார்த்துவிட்டார். வந்த வேகத்தில் என் முன்னால் மண்டியிட்டு, "என்ன செய்யுது? எங்க வலிக்குது? இந்தப் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே என் சேலைத் தலைப்பை இழுத்தார். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். எனக்கு ஒன்றுமில்லை, மூச்சுத்தான் வாங்குகிறது, உங்களுக்குத்தான், உங்களுக்கு வைங்க என்று தலையை ஆட்டுகிறேன். யார் கேட்கிறார்கள்? தாடையைப் பிடித்து, மாத்திரையை என் நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டார். பெருவிரல் நகத்தில் எங்கள் விமானத்துப் பச்சைப் பெயிண்ட் இருந்தது.

மிளகாய்க்காரப் பெண் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். "அண்ணே, அது என்னமோ ஒடஞ்சு கெடக்கு, போயிப் பாருங்க" என்றாள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் நாடி இல்லாத இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அடிக்குது, அடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நோயில்லாதவள் அந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலித்தது. மிளகாய்க்காரப் புருஷனும் பெண்டாட்டியுமாக விமானத்தைத் தூக்கி வந்து வேனில் ஏற்றினார்கள். தெறித்துப்போன பழத்துக்கு கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெண் புதருக்குள் போய் ஓடிப்போன சக்கரத்தையும் தேடிக்கொண்டு வந்து கொடுத்தாள். வீடு வரைக்கும் நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடக்க, அவர் ஸ்பீடு பிரேக்கர் ஒன்றையும் மதிக்காமல் ஓட்டினார். பின்னால் விமானம் கடகடவென்று உருண்டது. நேராக எங்களூர் டாக்டரிடம்தான் நிறுத்தினார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பரிசோதித்துவிட்டு, "யாருக்குங்க நெஞ்சு வலி?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் காட்டினோம்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தார். பயந்துகொண்டே பரிமாறினேன். காத்தாடி முறிந்து, இறக்கை நுனி நொறுங்கி, சக்கரக் கால் பிய்ந்து ஹாலில் கிடக்கிறது. திரும்பவும் நாற்காலி, திரும்பவும் சுவர் என்றுதான் நினைத்தேன். ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னது இது, கொழம்புன்னு வச்சிருக்க? உப்பே இல்ல."

கரண்டியோடு அடுப்படிக்குப் போய், சுவரில் சாய்ந்து நின்று, சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

கை கழுவிவிட்டு அவர் ஹாலில் உட்கார்ந்து, இறக்கை இடுக்கில் ஒட்டியிருந்த மிளகாய் விதைகளைக் குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் போய் உட்கார்ந்தேன். ராத்திரியிலிருந்து ஒன்று மனதை அரித்துக்கொண்டிருந்தது.

"பாதிக் களம் காலியாத்தான கெடந்துச்சு. அது போதும்னீங்க. அதுல எறக்காம எதுக்கு மொளகாக்குள்ள கொண்டுபோயிக் குத்துனீங்க?"

நோண்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "காலியா கெடந்துச்சா? அதுலதான நீ ஓடிக்கிட்டு இருந்த. ஓன் தலைக்குப் பின்னாடி வருது, சத்தமும் இல்ல. அதான் மொளகாக்குள்ளயே மூக்க அமுக்கிட்டேன்."

என் பக்கத்துப் புள்ளி வரிசைகள் பாதி உரிந்து கிடந்தன. அதைத் தடவிக்கொண்டே, "வானத்தவிட்டுக் கண்ண எடுக்கக் கூடாதுன்னு எனக்கு அம்புட்டுப் பாடம் நடத்துனீங்க" என்றேன்.

"தரையப் பாக்க ஒரு ஆள நிறுத்தியிருந்தேன். அவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் தரைய யாரு பாக்குறது?" என்றவர், சிரிஞ்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.